நெடுவாற்றுக்குத் திரும்பும் மீன்

பூதலிங்கம் ஐம்பது வயதைத் தாண்டியபின் மாணவரானார். அவருடைய ஆசிரியை தில்லைநாயகி அவரைவிட இளையவர். அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். இவருக்கு அவர் மேடம்.

பூதலிங்கம் மீனைப் படிக்க வந்தது மனைவி சங்கரவடிவால். நெடுவாற்றின் செவ்வரிக் கெண்டையை ஆராய்ந்தவள் அவள். கல்யாணமான புதிதில் அவரை முழங்கால் தண்ணீரில் நிற்கவைத்து, காலைச் சுற்றிய மீன்களைக் காட்டினாள். பிறகு ஒரு பெரிய வறட்சியில் ஆறு வற்றியது. அந்த மீன் அங்கே அற்றுப்போனது. சில வருஷத்தில் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

ஆறு மறுபடி ஓடியது. மழை பெய்தபோதெல்லாம் அவர் போய்த் தண்ணீரில் நின்று பார்த்தார். காலருகே எதுவும் வரவில்லை.

செவ்வரிக் கெண்டை இரண்டு இடத்தில் மிஞ்சியிருந்தது. ஒன்று, ஆற்றைவிட்டு விலகிக் கிடந்த ஒரு பாறைச் சுனை. மற்றது, மலைக்கு அந்தப் பக்கம் ஓடும் ஆறு. எதை எடுத்து நெடுவாற்றில் விடுவது என்பதுதான் தில்லைநாயகி அவருக்குக் கொடுத்த வேலை.

சங்கரவடிவு பத்திரப்படுத்தியிருந்த பழைய செதில்களின் மரபணுவோடு அவர் இரண்டையும் ஒப்பிட்டார். சுனை மீன் அதே வம்சம். அன்று சந்தோஷத்தில் அவர் சாப்பிடக்கூடப் போகவில்லை.

ஆனால் சுனை மீன்கள் எல்லாம் ஒரு தாய் மக்கள்போல இருந்தன. ஒருசில மீன்களே தப்பி, தங்களுக்குள்ளேயே பெருகியிருந்தன. மலைக்கு அந்தப் பக்கத்து மீன்களிடம் மரபணு வகை அதிகம். இரண்டும் பிரிந்து வெகுகாலம் ஆகவில்லை, சேர்ந்து குஞ்சு பொரிக்கலாம் என்றது சோதனை.

சுனை மீனையே விடுவோம் என்றார் பூதலிங்கம். தில்லைநாயகி மறுக்கவில்லை. முதலில் தொட்டியில் வளர்த்துப் பாருங்கள் என்றார். பக்கத்தில் இன்னொரு தொட்டியில் சுனைப் பெண் மீன்களோடு மலைக்கு அந்தப் பக்கத்து ஆண் மீன்களைத் தானே விட்டார்.

சுனைத் தொட்டியில் பாதி முட்டை பொரிக்கவில்லை. பொரித்தவற்றில் பல முதுகு வளைந்து, நீந்த முடியாமல் அடியில் கிடந்தன. பூதலிங்கம் தண்ணீரை மாற்றினார், தீனியை மாற்றினார், ஞாயிற்றுக்கிழமையும் வந்து உட்கார்ந்தார். அவை ஒவ்வொன்றாகச் செத்தன. பக்கத்தில் இருந்த கலப்புத் தொட்டியில் குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன.

துள்ளும் குஞ்சுகளைப் பார்த்தபடி அவர் சொன்னார்.

"மேடம், இது அவ பார்த்த மீன் இல்லையே."

"இல்ல அண்ணாச்சி."

பூதலிங்கம் அந்தக் குஞ்சுகளுக்குத் தீனி போடத் தொடங்கினார்.

அந்தக் கலப்புக் குஞ்சுகள் விரல் நீளம் வளர்ந்ததும் இருவரும் நெடுவாற்றுக்குப் போனார்கள். குஞ்சுகள் இருந்த பையைத் தில்லைநாயகி அவர் கையில் கொடுத்தார். பூதலிங்கம் தண்ணீரில் இறங்கி வெகுநேரம் நின்றார். பிறகு பையின் வாயை மெதுவாகச் சாய்த்தார்.

குஞ்சுகள் ஒரு நொடி திகைத்து நின்றன. பின் கற்களுக்கு இடையே சிதறின.

"அந்தப் பக்கத்து ரத்தமும் கலந்திருக்கே," என்றார் அவர். "இதுல எதை நம்ம ஆத்து மீன்னு சொல்றது?"

கடைசிக் குஞ்சும் கண்ணில் இருந்து மறையும்வரை பார்த்துவிட்டுத் தில்லைநாயகி சொன்னார்.

"இதுல எதையும் சொல்லவேண்டாம் அண்ணாச்சி. இதுங்க இங்க முட்டையிடட்டும். இந்தத் தண்ணிலயே பொரிக்கறதை வந்து பார்த்துட்டுச் சொல்லுங்க."

பூதலிங்கம் தண்ணீரைவிட்டு ஏறாமல் காலருகே பார்த்துக்கொண்டிருந்தார்.