குழாய்மேல் வைத்த கால்

ஊற்றுப்பட்டியில் தண்ணீர் கம்பெனி வைத்திருந்த தர்மராசு முதலாளி ராப்பகலாக ஆழ்துளைக் கிணற்றிலிருந்து உறிஞ்சினார். வீடுகள் விரிசல் விட்டன, பள்ளிக்கூடச் சுவர் பிளந்தது. தரை இறங்குகிறது, மோட்டாரைக் கட்டுப்படுத்துங்கள் என்று ஊர் மனுப் போட்டது. தாசில்தாரம்மா கம்பெனிக்கே விசாரிக்க வந்தார்.

“தரை எங்கே இறங்குச்சு? பள்ளிக்கூடத்துக்குக் கலவை போட்ட சித்தாள் ஒச்சம்மா சிமெண்டைத் திருடிட்டா. இல்லேன்னா நிரூபிக்கட்டும். முடியலையா, தனி ஆளா சுவரை இடிச்சுக் கட்டட்டும்!” என்றார் முதலாளி.

ஊர்க்கூட்டத்தோடு வந்து நின்ற ஒச்சம்மா, தலையிலிருந்த சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டாள்.

“ஐயா, உங்க போர்க் குழாய் ஆடுமா?”

“பாறையில ஊன்றின குழாய்! பதினஞ்சு வருஷமா வெட்டலை, ஒட்டலை, ஒரு இம்மி அசையலை!”

“அம்மா, இதை எழுதிக்கங்க” என்றவள், கம்பெனிச் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றி வந்தாள். போர் போட்ட அன்று எடுத்தது. முழங்கால் உயரக் குழாய்மேல் ஒரு காலை வைத்து மீசை முறுக்கி நின்றார் முதலாளி.

“அதே மாதிரி இப்பக் காலை வைங்க.”

குழாய் இப்போது அவர் நெஞ்சுயரம் நின்றது. வீம்புக்குக் காலைத் தூக்கினார்; வேட்டிதான் அவிழ்ந்தது. ஊரே சிரித்தது.

“குழாய் அசையலைன்னா, நாம நிக்கிற தரைதானே இறங்கியிருக்கு?”

நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்குமேல் மோட்டார் ஓடக் கூடாதென்று தாசில்தாரம்மா அங்கேயே உத்தரவு எழுதினார்.

“யார்கிட்ட மோதுறேன்னு தெரியுமாடி?” என்று கத்தினார் முதலாளி.

“என்கிட்ட ஏன் கத்துறீங்க? அன்னிக்கு உங்க காலுக்குக் கீழ கிடந்தது, இன்னிக்கு நெஞ்சுக்கு நேரா நிக்குது. முதல்ல அதுக்குப் பதில் சொல்லுங்க.”