மரநாய் ஏன் பாறைமேல் காபிக் கொட்டை வைக்கிறது

விலங்குகள் பேசிக்கொண்டும், பேச்சுக்கு நடுவே காபி குடித்துக்கொண்டும் இருந்த காலம் அது. கீழ்ப்பழனி மலைச் சரிவில் மாசிலாமணி என்றொரு மரநாய் காபிக் கடை வைத்திருந்தான். மரநாய் என்றால் நாய் இல்லை. பூனை உயரம், கூர்மூக்கு, நீள வால். மாசிலாமணிக்கு இவற்றோடு கொஞ்சம் நீளமான வாயும் உண்டு.

மற்ற கடைக்காரர்கள் காபிப் பழத்தைக் கிளையோடு உருவிக் கூடையில் போடுவார்கள். காய், செங்காய், பழம் எல்லாம் ஒன்றாக வந்து விழும். மாசிலாமணி ஒவ்வொன்றாக முகர்ந்து பார்ப்பான். நன்றாகச் சிவந்து பழுத்ததை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைக் களத்தோரம் கழித்துப் போட்டுவிடுவான். அவன் இறக்கும் டிகாஷனுக்கு மலையே வரிசையில் நின்றது. அவனுக்கும் பெருமை தாங்கவில்லை.

ஒருநாள் யானைக் கூட்டத்துத் தலைவி பெரியாயி கடைக்கு வந்தாள்.

"மாசிலாமணி, வர்ற வெள்ளிக்கிழமை எங்க செவ்வந்தியப் பொண்ணு பார்க்க வர்றாக. நல்ல பையன். அவளுக்கும் புடிச்சுப்போச்சு. ஆனா பையனோட அம்மா காபி விஷயத்துல ரொம்பக் கறாராம். உன்னைய நம்பித்தான் இருக்கேன்."

"கவலைய விடுங்கக்கா. நம்ம காபியக் குடிச்சாகன்னா கையோட தட்டு மாத்திட்டுத்தான் போவாக" என்றான் மாசிலாமணி.

சொன்னவன் நல்ல தூளை எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும். செய்யவில்லை. கரடி, மிளா மான், மலையணில் என்று யார் வந்தாலும், "யானை வீட்டு விசேஷத்துக்கே நம்ம காபிதான், தெரியுமா?" என்று பீற்றிக்கொண்டு ஊற்றி ஊற்றிக் கொடுத்தான். வெள்ளிக்கிழமை காலையில் பானையைத் திறந்தால் அடியில் ஒரு பிடித் தூள்தான் கிடந்தது.

களத்தோரம், அவன் கையாலேயே கழித்துப் போட்ட காய்கள் சுக்காகக் காய்ந்து கிடந்தன. அவற்றைப் பார்த்தான். 'கருக வறுத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?' என்று நினைத்தான். குத்தி, வறுத்து, இடித்து, வெல்லத்தைத் தூக்கலாகப் போட்டு இறக்கிவிட்டான்.

மாப்பிள்ளையின் அம்மா மூங்கில் குவளையைத் தும்பிக்கையால் வாங்கி ஒரு வாய் குடித்தாள். குவளையைக் கீழே வைத்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நல்ல குடும்பத்து யானை.

"ஊருக்குப் போயித் தகவல் சொல்லி விடுறோம் மதினி" என்றாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று காட்டில் எல்லோருக்கும் தெரியும். செவ்வந்தி ஒரு பலா மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவள் காதுகள் அசையவே இல்லை. அதைப் பார்த்தபோதுதான் மாசிலாமணிக்குத் தான் செய்த காரியம் உறைத்தது.

விருந்தாளிகள் போன பிறகு பெரியாயி களத்துக்கு வந்தாள். மிச்சம் கிடந்த காய் ஒன்றை எடுத்து அவன்முன் நீட்டினாள்.

"இதத் தின்னு."

"அக்கா, இது காயி. துவர்க்கும்."

"நீ திங்க மாட்டாததத்தான் எம் பிள்ளை விசேஷத்துக்குக் குடுத்தியா?"

மாசிலாமணி அழுதுவிட்டான். "இனிமே நான் வாயில வைக்காத பழத்தோட கொட்டைய யாருக்கும் தர மாட்டேன்க்கா."

"ஒன் வாய நம்பித்தான இம்புட்டும் ஆச்சு. பழம் ஒன் வயித்துக்குள்ள போகணும். வயித்த ஏமாத்த முடியாது."

"சரிக்கா. முழுங்கி, என் வயித்துக்கு ஒத்துக்கிட்ட பழத்தோட கொட்டைதான். சத்தியம்."

யானையிடம் செய்த சத்தியம். மாசிலாமணி அதை ஒரு நாளும் மீறவில்லை. அப்புறம் கடை எப்படி நடந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. கொட்டை எந்த வழியாக வருகிறது என்று கேள்விப்பட்ட கரடி, குவளையைப் பார்த்தது, மாசிலாமணியைப் பார்த்தது, "சுக்குத் தண்ணி இருக்கா?" என்று கேட்டது. அடுத்த மழைக்குள் கடையை மூடியாயிற்று.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. செவ்வந்தி அம்மாவோடேயே இருந்துவிட்டாள். மாசிலாமணியால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஆனாலும் மாப்பிள்ளை வீட்டார் என்றைக்காவது இந்த வழியாகப் போனால், தான் பாறைமேல் வைக்கும் நல்ல கொட்டையில் ஒரு பிடி எடுத்து வறுத்துப் பார்க்கட்டும், அந்தப் பெண் வீட்டின்மேல் குறையில்லை என்று தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தான்.

மரநாய் பகலில் யார் கண்ணிலும் படாமல் ஒளிந்து கிடப்பதும், இருட்டிய பிறகு வந்து நல்ல பழமாகப் பார்த்துத் தின்பதும், கொட்டைகளை யானை போகிற வழியில் பாறைமேல் வைத்துவிட்டுப் போவதும் அதிலிருந்துதான். நம்மவர்கள் அதை அள்ளிக்கொண்டுபோய்க் கழுவி, வறுத்து, கண்ணாடிக் கதவு போட்ட கடைகளில் கண்ணை மூடி ரசித்துக் குடிக்கிறார்கள். அது நமக்காக வைத்தது இல்லை.