ரோடு முடிந்த இடம்

“மூணாவது தடவை, மேடம்! இன்னும் ஏன் இந்த அறிக்கையில கையெழுத்துப் போட மாட்டேங்கிறீங்க?”

கதிரேசனுக்கு ஐம்பது வயது. வங்கி வேலையை உதறிவிட்டுத் தவளை ஆராய்ச்சிக்கு வந்தவர். ஆய்வு வழிகாட்டி நஸ்ரினுக்கு முப்பத்தைந்துதான். அதுவும் சேர்ந்து எரிச்சலைக் கிளப்பியது.

எந்தச் சரிவில் மரத்தவளை இருக்கும், எதில் இருக்காது என்று கணினி மாடல் போட்டுக் கொடுத்த வரைபடம் மேசைமேல் கிடந்தது. கிழக்குச் சரிவு முழுக்க வெள்ளை. வெள்ளை என்றால் தவளை இல்லை. நாளை மறுநாள் கூட்டத்தில் இதைப் பார்த்துத்தான் அங்கே கல்குவாரிக்கு அனுமதி கொடுப்பார்கள்.

“சரிபார்த்தீங்களா, சார்?”

“பார்க்காமலா? இருந்த இடம், இல்லாத இடம்னு ஆயிரம் பதிவு. அதுல இருநூறை மாடலுக்குக் கண்ணுலயே காட்டல. அப்புறம் அந்த இடத்துல தவளை இருக்கா இல்லையான்னு அதுகிட்ட கேட்டேன். நூத்துக்குத் தொண்ணூத்தாறு சரி!”

“அந்த இருநூறு எங்க எடுத்தது?”

“மத்த எண்ணூறும் எடுத்த இடத்துலதான்.”

நஸ்ரின் ஜீப் சாவியையும் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வழியெல்லாம் கதிரேசன் பதிவெடுத்த இடங்களைக் கைகாட்டிக்கொண்டே வந்தார். இந்த வளைவு. அந்தப் பாலம். ஒரு டீக்கடை. ரோடு முடிந்தது.

“அடுத்த பதிவு?”

“இதுக்கு மேல ரோடு இல்லையே, மேடம்.”

“இறங்குங்க. நடந்துட்டு வாங்க.”

எதிரே கிழக்குச் சரிவு. மழை வேறு பிடித்துக்கொண்டது. நேற்று வந்த பெண், எனக்கு நடக்கச் சொல்லிக் கொடுக்கிறாளா! வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஏறினார் கதிரேசன். முழங்காலில் அட்டை ஏறியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

டிக்.

திட்டுவது நின்றது.

டிக், டிக். இடப்பக்கம் ஒன்று. தலைக்கு மேலே ஒன்று. கட்டைவிரல் நகம் அளவில் ஒரு மரத்தவளை, மூக்குக்கு நேரே இலைமேல் உட்கார்ந்து தொண்டையை உப்பவைத்தது. பிறகு சரிவு முழுக்கக் கத்தத் தொடங்கியது.

அவருக்கு மறுபடியும் கோபம் வந்தது. இந்த முறை, ஆயிரம் பதிவையும் ரோட்டோரத்திலேயே எடுத்த தன்மேல்தான் என்று நன்றாகவே தெரிந்தது.

சேறும் ரத்தமுமாக இறங்கி வந்தார். நஸ்ரின் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தார். மடியில் அறிக்கை.

“கூட்டத்துக்கு நாள் இல்ல, சார்.” பேனாவைத் திறந்தார். “போட்டுடட்டுமா?”

“போட்டுத்தான் பாருங்களேன், கிழிச்சுப் போட்டுடறேன்!” என்று கத்தினார் கதிரேசன்.