பனிக்கட்டியில் பழுப்பு

பட்டம் வாங்கி, இருபத்தைந்து வருஷம் சோறு வடித்துவிட்டு, அப்புறம் ஆராய்ச்சிக்கு வந்தவள் கோமளா. அவளுக்கு வாய்த்த குரு ரெஜினா அவளைவிடப் பதினோரு வயது சின்னவள்.

வேலை இதுதான். உப்புத் தண்ணீரைக் கிண்ணத்தில் உறையவைத்து, காற்றை உறிஞ்சியெடுத்த எஃகுக் கூண்டுக்குள் வைத்து, எலெக்ட்ரான் மழையில் இரண்டு நாள் விட வேண்டும். வியாழனைச் சுற்றும் யூரோப்பா என்கிற பனி நிலா அப்படித்தான் காலங்காலமாக அடி வாங்குகிறது. அதன் மேல்தோல் என்ன ஆகிறது என்று பார்ப்பதற்குத்தான் இத்தனை பாடும்.

ஒவ்வொரு தடவையும் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தால் வெள்ளைக் கட்டியில் பழுப்பு. பால் அடிப்பிடித்த நிறம். கூண்டில் அழுக்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டியை உருக்கிக் கொட்டி, ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, மறுபடி முதலிலிருந்து. ஆறு தடவை ஆயிற்று. இன்று ஏழாவதும் பழுப்பாகிவிட்டது.

நாளைக் காலை ஆராய்ச்சியை மதிப்பிடும் குழு வருகிறது. காட்ட ஒன்றும் இல்லையென்றால் கோமளாவின் ஆராய்ச்சி இடம் போய்விடும்.

கோமளா கையில் புதுத் துணியோடு வந்து நின்றாள்.

“நான் வீட்டுக்கே போயிடறேன் மேடம். ஒரு பெட்டியைச் சுத்தமா வெச்சுக்கத் துப்பில்லை எனக்கு.”

“இதுவரைக்கும் துடைச்ச துணியெல்லாம் எங்கக்கா?”

கோமளாவுக்குச் சுருக்கென்றது. மாமியாரே தேவலை. கூடையிலிருந்து அள்ளிவந்து மேசைமேல் வெடுக்கென்று போட்டாள்.

ரெஜினா துணிகளைப் பார்க்கவில்லை. டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

கோமளாதான் பார்த்தாள். “எல்லாம் வெள்ளையா இருக்கே.”

“உருகின தண்ணி?”

“அதுவும் தெளிவாத்தான்...” அழுக்கென்றால் எதிலாவது ஒட்டியிருக்க வேண்டுமே.

“நடுவுல ஒரு தடவை உப்பில்லாம வெறும் தண்ணியை உறைய வெச்சீங்களே, அது?”

“வெள்ளையாவே இருந்துச்சு. அன்னிக்கு ஒரு நாளாவது சுத்தமா வெச்சேன்னு சந்தோஷப்பட்டேன்.” துணிக் குவியலைப் புரட்டினாள். “அப்போ நிறம் மாறினது உப்பா?”

“ஆமாக்கா. எலெக்ட்ரான் அடிச்சா உப்பு பழுப்பாகும், கரைஞ்சா நிறம் போயிடும்.” ரெஜினா கணினியைத் திருப்பினாள். யூரோப்பாவின் பனிப்பரப்பு. வெடித்துக் குலைந்த இடங்களில் அதே பழுப்பு.

“அங்க ஏது மேடம் உப்பு?”

“அடியில கடல் இருக்குன்னு நம்பறோம். யாரும் பார்த்ததில்லை. அங்கிருந்து கசிஞ்சு மேல வந்து அடி வாங்கியிருக்கும்.”

கோமளா கூண்டைத் திரும்பிப் பார்த்தாள்.

“நாளைக்கு அவங்களுக்கு என்னத்தைக் காட்டறது?”

“ஆறு தடவை அந்தக் கடல் உங்க வாசல் வரைக்கும் வந்துச்சு. துடைச்சு அனுப்பிட்டீங்க. ஏழாவதா வந்ததையாவது இருக்கச் சொல்லுங்க.”

கோமளா கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள்.