ஃபோர்மேன் ஊதிய குழாய்

லாரி என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ, மூன்று மாதத்தில் இரண்டாவதும் எண்ணெயில்லாமல் கருகி இறுகிப்போனது.

"ஆயில் பார்க்காம ஓட்டியிருக்கான். இவனை வேலையை விட்டுத் தூக்குங்க," என்றார் ஃபோர்மேன் மாசிலாமணி.

லாரி டிரைவர் செங்கோடன் அளவுக்கம்பியை உருவிக் காட்டினான். என்ஜினில் ஆயில் நிறையவே இருந்தது. அதை யார் பார்த்தார்கள்? முதலாளி ஃபோர்மேனுக்குத்தான் தலையாட்டினார்.

பட்டறையில் பாகங்கள் கழுவும் பாவாயி, டர்போவுக்கு ஆயில் போகும் குழாயைக் கழற்றி ஃபோர்மேனிடம் நீட்டினாள்.

"நீங்க மாட்டுனதுதானுங்க. ஒருக்கா ஊதுங்க பார்ப்போம்."

கன்னம் உப்ப ஊதினார். மறுமுனையில் காற்று வரவில்லை.

"உங்க மூச்சே போகலீங்களே, ஆயில் எப்படிங்க போகும்?"

கசியக்கூடாதென்று ஃபோர்மேன் குழாய் மூட்டில் அப்பிய பசை, உள்ளே பிதுங்கி அடைத்திருந்தது.

செங்கோடன் இன்றும் அதே லாரியைத்தான் ஓட்டுகிறான். அடைப்பைக் குத்தியெடுத்து, குழாயைக் கழுவி, புது டர்போவில் மாட்டியது பாவாயி.