லோபோ முதலாளி சொன்ன நம்பர்

பிணம் வாசல் தாண்டுவதற்குள் சொத்து கேட்டு வருகிறவர்களும் தூத்துக்குடியில் உண்டு. சவப்பெட்டிக்கடைத் தச்சன் சவரியானைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். மூடி இன்னும் அடிக்கவில்லை. லோபோ முதலாளி வந்தார், தலைமாட்டில் இருந்த கிட்டாரை எடுத்தார்.

"எங்கப்பா கிட்டாரு இது. எங்க வீட்டுல வேல செஞ்சப்போ களவாண்டுட்டான்."

சவரியான் பெண்டாட்டி மிக்கேலம்மாள் கண்ணைத் துடைத்தாள். "அடையாளம் இருக்கா முதலாளி?"

அவர் கிட்டாரின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். "உள்ள ஒட்டியிருக்கிற சீட்டுல நம்பர் இருக்கு. எழுபத்தொண்ணுன்னு ஆரம்பிக்கு. எழுபத்தொண்ணாம் வருசம் ஸ்பெயின்ல செஞ்சது!"

"சத்தியமா?"

"கர்த்தர் சாட்சியா!"

மிக்கேலம்மாள் கம்பிகளைத் தளர்த்தி, கைவிட்டுச் சீட்டை உரித்து அவரிடமே கொடுத்தாள்.

"இது உங்களதுதான். நீங்க உடைச்சுக் குப்பையில போட்ட கிட்டார்ல கிடந்தது. அழகா இருக்குன்னு, தான் செஞ்ச இந்தக் கிட்டார்ல ஒட்டிக்கிட்டாரு."

சீட்டு இருந்த இடத்தில், பலகையில் சவப்பெட்டிக்கடை முத்திரை கறுப்பாகத் தெரிந்தது. சவப்பெட்டி மூடியிலும் அதே முத்திரை.

"இருமல் கண்டதுமே தன் பெட்டியையும் அவரே செஞ்சு வச்சாரு. ரெண்டும் ஒரே பலகை. கிட்டாரு உங்கப்பாவோடதுன்னா இந்தப் பெட்டியையும் தூக்குங்க."

சுற்றி நின்றவர்கள் யாரும் வழிவிடவில்லை. கிட்டாரைத் தூக்க வந்த முதலாளி, கல்லறை வரைக்கும் பெட்டியைத் தூக்கினார்.