மூன்று கடைக்காரர்களும் ஒரு தொலைபேசியும்

வடகரைப்பேட்டை மெயின் பஜாரில் ஒரு மாடிக் கட்டடம் இருக்கிறது. அதன் கீழ்க்கடையில் முதலில் உரம் விற்றார்கள். பிறகு எஸ்.டி.டி. பூத் வந்தது, அதன்பின் தையற்கடை, இப்போது காப்பித்தூள் கடை. பெயர்ப்பலகை எத்தனை முறை மாறினாலும் உள்ளே இருந்த தொலைபேசி கட்டட உரிமையாளர் பெயரில் இருந்ததால் எண் மட்டும் மாறவில்லை. வீட்டில் போன் இல்லாதவர்கள் அதைத்தான் பி.பி. நம்பர் என்று எல்லோருக்கும் கொடுத்து வைத்திருந்தார்கள். அழைப்பு வந்தால் கடைக்காரர் உரியவரிடம் சேதியைச் சேர்த்துவிட வேண்டும். அதுதான் வழக்கம்.

செண்பகவடிவு என்ற பெண்மணியின் மகள் கோமதி, வேறு சாதிப் பையனை மணந்துகொண்டு ஊரைவிட்டுப் போனாள். அண்ணன்காரன் அரிவாளோடு மூன்று மாதம் தேடினான். அதன்பின் அந்த வீட்டில் அவள் பெயரையே எடுக்கக்கூடாது என்று ஆயிற்று. மகளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அந்த பி.பி. நம்பர் என்பது தாய்க்குத் தெரியும். ஆகவே, கோயிலுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு, வெள்ளிதோறும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கடை வாசலில் வந்து நிற்பார். போன் வந்ததா என்று மட்டும் கேட்பார்.

அவள் ஊரைவிட்டுப் போன இரண்டாம் வருடம், பூத் நடத்திய டேனியலுக்கு அழைப்பு வந்தது.

"அண்ணாச்சி, நான் கோமதி. உசுரோடதான் இருக்கேன். வீட்ல சொல்லிராதீங்க."

டேனியல் வாக்குக் கொடுத்தார். வாக்கைக் காப்பதில் ஆள் கெட்டி. அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தே, போன் வரவில்லை என்று ஆறு வருடம் சொன்னார். எப்படித்தான் மனது வந்ததோ.

பூத்துக்கு ஆள் வராமல் போனபின் ரஹ்மத் நிஷா அங்கே தையல் மெஷின் போட்டார். ஒரு வெள்ளியன்று செண்பகவடிவு படியிலேயே மயங்கி விழுந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பிய ரஹ்மத்தின் வாயில் பொய் வந்துவிட்டது. நேற்று மகள் பேசினாள், நன்றாக இருக்கிறாள், எந்த ஊர் என்று மட்டும் சொல்லவில்லை என்றார். செண்பகவடிவு அங்கேயே உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டார். அதன்பின் வாராவாரம் புதுச் சேதி தேவைப்பட்டது. ரஹ்மத்தும் சொல்லிக்கொண்டே போனார். அந்தப் பொய்யில் கோமதிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, நடக்கவும் தொடங்கிவிட்டது.

அடுத்து வந்த காப்பித்தூள் குருசாமி உள்ளதை உள்ளபடி பேசுகிறவர். அவர் காலத்தில் கோமதி மறுபடி அழைத்தாள். அம்மா இருக்கிறாளா என்று கேட்டு அழுதாள். தான் நலம் என்று அவளிடம் சொல்லச் சொன்னாள். செண்பகவடிவு வாராவாரம் பேத்தியைப் பற்றி விசாரித்து வந்ததால், குழந்தை எதுவும் இல்லை என்பதையும் குருசாமி கேட்டுத் தெரிந்துகொண்டார். புதுத் தொலைபேசி அழைத்த எண்ணைக் காட்டியது. அதைச் சீட்டில் குறித்து வைத்து, வெள்ளியன்று தாயிடம் எல்லாவற்றையும் சொல்லி, கையில் கொடுத்தார். இங்கிருந்தே பேசுங்கள் என்றும் சொன்னார்.

மூட்டுவலிக்காரியான செண்பகவடிவை இப்போது பைக்கில் கூட்டி வருவது அரிவாளோடு தேடிய அந்த மகன்தான். காப்பித்தூள் வாங்கத்தான் அம்மா இறங்கினாள் என்று நினைத்து அவன் வாசலில் காத்திருந்தான்.

"வேண்டாம் தம்பி. அவ கொரலக் கேட்டுட்டா, என் மூஞ்சியே வீட்ல காட்டிக் குடுத்துரும்" என்றார் செண்பகவடிவு. சீட்டை வெற்றிலைக்குள் மடித்து வாயில் போட்டு மென்றார். அதன்பின் அந்தக் கடைக்கு அவர் வரவே இல்லை.

டேனியல் வந்த சேதியை மறைத்தார், ரஹ்மத் வராத சேதியைச் சொன்னார், குருசாமி உண்மையைச் சொன்னார். கேட்கிறேன், இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: ரஹ்மத் என்பேன், தயக்கத்தோடுதான். யாருக்குமே தெரியக்கூடாது என்று நினைக்கிற பெண் பி.பி. நம்பருக்கு எதற்காகப் பேச வேண்டும்? தாய்க்குச் சேதி போகட்டும், அண்ணனுக்குப் போக வேண்டாம் என்பதுதான் அவள் எண்ணம். டேனியல் தம் வாக்கைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. குருசாமி சேதியோடு நிறுத்தாமல், அவளுடைய உயிரையும் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். உயிரோடிருக்கிறாள், இடம் தெரியாது என்ற அளவோடு சொன்னவர் ரஹ்மத் ஒருவரே. ஆனால் அந்தக் குழந்தையை மட்டும் அவர் பிறக்க வைத்திருக்கக் கூடாது. மகளின் குரலை வேண்டாம் என்று சொல்ல முடிந்த செண்பகவடிவு, அன்று வெங்காயம் உரிக்கும் சாக்கில் அடுப்படியில் அழுதது, பிறக்கவே பிறக்காத அந்தப் பேத்திக்காக.